மரத்தை நித்திரை கொள்ள விடு, மோனை

வா தம்பி, வா. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், அப்பிடியே கோடிப்பக்கம் வா. உதென்ன, உன்ர காருக்குப் பின்னாலை தலையை நீட்டிக்கொண்டு நிக்குது? கண்டோ? பூவும் பூத்தெல்லோ கிடக்கு! பீச்சோ? ஓமோம், அட்டையிலை படம் போட்டிருக்கு. மஞ்சள் பூசின கன்னம் மாதிரி வடிவான பழம். எவ்வளவு குடுத்தனி? எண்பது டொலரோ. பரவாயில்லை மோனை, இருக்கிறவன் குடுக்கத்தானே வேணும். நானும் வாங்கினனான், நாற்பதுக்கு. மூண்டு தரம். எங்கை நிக்குது எண்டு சுத்திப் பாக்காதை. அந்தத் தக்காளிக்கு முட்டுக் குடுத்த தடியள் தெரியுதே, அவைதான்.

இரு, அந்தக் கதிரையிலை இரு. மாமி தேத்தண்ணி போடுறா.

அட்டையை வாசி பாப்பம், நான் கண்ணாடி கொண்டரேல்லை. குளிர் வலயம் 5 எண்டு போட்டிருக்கோ? அது ஆற்றை 5? அமெரிக்காக்காரன்ர 5ஓ, கனடாக்காரன்ர 5ஓ? முழிக்காதை, எல்லாரும் அதிலைதான் முழிக்கிறவை. அமெரிக்காக்காரன் ஒரே ஒரு சங்கதிதான் பாப்பான்: வருசத்திலை ஆகக் குளிர்ந்த இரவு எவ்வளவு குளிரும். அவ்வளவுதான். கனடாக்காரர் 1967இலை தங்கட வரைபடத்தைப் போடேக்கை ஏழு சங்கதி பாத்தவை. குளிர் எவ்வளவு, உறைபனி இல்லாத நாள் எத்தினை, கோடையிலை மழை எப்பிடி, சூடு எப்பிடி, ஸ்நோ எவ்வளவு, காத்து எவ்வளவு எண்டெல்லாம், எங்கட சனம் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சுத்தான் இலக்கம் குடுத்தவை. எட்மன்டன் முந்தி 3. இப்ப சூடு ஏறி 4க்கு வந்திட்டுது எண்டு சொல்லீனம். உன்ர அட்டை அமெரிக்காவிலை அடிச்சது. அந்த 5 எண்டால் சைபருக்குக் கீழை 29 பாகை வரைக்கும் தாங்கும் எண்ட கணக்கு. அதுவும் மரம் தாங்கும். பூமொட்டு சைபருக்குக் கீழை 25இலையே கருகிப் போயிடும். பிறகு பீச் மரம் நிக்கும், பீச் நிக்காது.

2024 ஜனவரி, நீ வீடு வாங்க முந்தின வின்டர், இஞ்சை சைபருக்குக் கீழை 40ஐயும் தாண்டிப் போனது. செல்சியசும் பரனைட்டும் சண்டையை விட்டுக் கைகுலுக்கிற இடம் அது. நீ அப்ப ஸ்காபரோவிலை இருந்து, பத்துப் பாகைக்கே "ஐயோ குளிருது" எண்டு பேஸ்புக்கிலை படம் போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

ஆனா ஒண்டு கேள். குளிர் மரத்தைக் கொல்லுறேல்லை. நான் 1986இலை இந்த ஊருக்கு வந்து, ஒரு ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவிக் கழுவி வாங்கின வளவு இது. உரும்பிராயிலை வெங்காயமும் புகையிலையும் நட்ட கை எண்ட திமிர் வேறை. முதல் பத்து வருசம் நட்டதெல்லாம் செத்தது. குளிர் குளிர் எண்டு குளிரைப் பேசினன். பிறகுதான் தெரிஞ்சது, கொன்றது முழுக்க நானெண்டு.

ஜப்பானிலை சக்காய் எண்டொரு விஞ்ஞானி இருந்தவர். வில்லோ மரத்துக் குச்சியை மெல்ல மெல்லக் குளிரவைச்சு, பிறகு திரவ நைதரசனுக்குள்ளை போட்டார். சைபருக்குக் கீழை 196 பாகை! எடுத்து ஆறுதலாச் சூடுகாட்டி நட்டால், குச்சி துளிர்க்குது. வெருட்டேல்லை, உண்மை. நல்லா நித்திரையிலை கிடக்கிற வில்லோவும் பேர்ச்சும் கலத்துக்குள்ளை இருக்கிற தண்ணியை வெளியாலை அனுப்பிப்போட்டு, உள்ளுக்கை சீனிப்பாகு மாதிரி இறுகிப்போய் இருக்கும். உறையிறதுக்கு உள்ளை ஒண்டும் இல்லை. ஆப்பிள் வேறை சாதி. அதின்ர தண்டுக்குள்ளை தண்ணி உறையவேண்டிய பாகையிலையும் உறையாமல், மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஏறக்குறைய சைபருக்குக் கீழை 40 வரைக்கும் பிடிக்கும். அதுக்குக் கீழை பிடி விட்டுப்போகும். அதாலைதான் 40 எண்டால் ஆப்பிள் வைச்சவனுக்கு வயித்தைக் கலக்கிறது.

இந்த வித்தை எல்லாம் நித்திரையிலை இருக்கிற மரத்துக்குத்தான். முழிச்சுக்கொண்டிருக்கிற மரத்துக்குச் சைபருக்குக் கீழை அஞ்சே காணும்.

நித்திரைக்கு எப்ப போறதெண்டு மரத்துக்கு ஆர் சொல்லுறது? நீ நினைக்கிறாய் குளிர் எண்டு. இல்லை, இருட்டு. ஜூன் மாதம் இஞ்சை 17 மணித்தியாலம் வெளிச்சம். ஓகஸ்டிலை இரவு நீளத் தொடங்க, மரம் அதை அளந்து, "சரி, கடையைப் பூட்டுவம்" எண்டு வளர்ச்சியை நிப்பாட்டும். ஆனா தெற்கிலை விளைஞ்ச விதையிலை வந்த கண்டு தெற்குக் கணக்கைத்தான் வைச்சிருக்கும். நாலாம் வீட்டுக்காரன் ஒண்டாரியோவிலை இருந்து சிவப்பு மேப்பிள் கொண்டுவந்து வைச்சவன். செப்டம்பர் கடைசி, உறைபனி கொட்டுது, உவர் பச்சைப் பசேலெண்டு கொழுந்து விட்டுக்கொண்டு நிக்கிறார். இனமும் பேரும் ஒண்டுதான், பிறந்த ஊர்தான் வேறை. உன்னைச் சொல்லேல்லை தம்பி. நீயும் ஸ்காபரோவிலை இருந்து வந்தனிதான், இரவு ரெண்டு மணிக்கும் உன்ர வீட்டிலை லைற் எரியுதுதான், ஆனா நான் மேப்பிளைத்தான் சொல்லுறன்.

போன ஓகஸ்டிலை உன்ர புல்லுக்கு ஒரு மூட்டை உரம் போட்டனி, கண்டனான். வேலி பொத்தலாலை பாத்தனான், வேணுமெண்டு இல்லை. புல்லுக்குப் போட்ட நைதரசன் புல்லோடை நிக்குமோ? பக்கத்திலை நிண்ட உன்ர மேடே மரம் குடிச்சுப்போட்டு, நித்திரைக்குப் போற நேரம் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி இளங்கொப்பு விட்டுது. இப்ப போய்ப் பார், நுனியெல்லாம் கருவாடு. ஜூலை நடுவுக்குப் பிறகு மரத்துக்கு உரம் எண்ட சொல்லையே சொல்லாதை. ஓகஸ்டிலை தண்ணியையும் குறை. கொஞ்சம் பட்டினி கிடக்கட்டும். மரம் முத்தவேணும். எங்கட ஊரிலை புகையிலையை முத்தவிடாமல் வெட்டினால் என்ன விலை போகும் எண்டு கொப்பரைக் கேட்டுப் பார்.

பிறகு இலை விழுந்த உடனை, நிலம் கல்லாகிறதுக்கு முந்தி, ஒக்ரோபரிலை ஒருக்கா ஆழமா இறை. துலா மிதிச்ச சாதி நாங்கள், இறைப்பு எண்டால் வேருக்குப் போகவேணும், வாய் நனைச்சாப் போலை காணாது. உன்ர முத்தத்திலை அந்த மூண்டு சீடர் மரம் நிண்டதெல்லே, மார்ச்சிலை பழைய பத்திரிகைத் தாள் நிறத்துக்கு வந்தது? குளிராலை இல்லை. தாகத்தாலை. மேலை வெயிலும் காத்தும் இலையை உறிஞ்சுது, கீழை வேர் ஐசுக்கட்டிக்குள்ளை. பச்சை மரத்துக்கு வின்டரிலையும் இலை இருக்கு, வாய் மட்டும் கட்டியிருக்கு. நீ ஏப்பிரலிலை போய் ரெண்டு வாளி ஊத்தினாய். செத்தவன்ர வாயிலை பால் விட்ட மாதிரி.

நித்திரையாக்கினாப் போலை முடியேல்லை. நித்திரையைக் குழப்பாமல் விடவேணும். கல்கரியிலை என்ர மருமகன் இருக்கிறார், அவரின்ர கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜனவரியிலை மலைக்கு மேலாலை சினூக் எண்டு ஒரு சூட்டுக் காத்து இறங்கும். விடியச் சைபருக்குக் கீழை 20, பின்னேரம் பத்துப் பாகைச் சூடு. சனம் அரைக்கைச் சட்டையோடை நடக்கும். மரமும் கண்ணை முழிச்சு, "வசந்தம் வந்திட்டுதோ" எண்டு எட்டிப் பாக்கும். நாளைக்குத் திருப்பி 25. குளிர் கூடின எட்மன்டனிலை நிக்கிற மரம், சூடு கூடின கல்கரியிலை சாகுது. மருமகன் மூண்டு வருசமா என்னட்டைக் கேக்கிறார் ஏன் எண்டு. நான் சொல்லுறேல்லை. ஒரு ஆளுக்கு முழுக்கச் சொல்லிக் குடுத்தால் பிறகு ஆர் எனக்கு ரெலிபோன் எடுக்கிறது?

இஞ்சை சினூக் இல்லை, ஆனா பெப்ரவரி வெயில் இருக்கு. தென்மேற்குப் பக்கத்துப் பட்டையிலை பின்னேர வெயில் அடிக்கும், ஸ்நோவிலை பட்டுத் தெறிச்சு ரெண்டு மடங்காகும். பட்டை சூடாகி, கலம் முழிக்கும். சூரியன் டப்பெண்டு விழ, அந்த இடம் உறைஞ்சு வெடிக்கும். மேயிலை பாத்தால் தோல் உரிஞ்ச மாதிரிப் பட்டை தொங்கும். மருந்து என்ன தெரியுமோ? வெள்ளை. தண்டைச் சுத்தி வெள்ளைச் சுத்து, இல்லாட்டில் வெள்ளைப் பெயின்ற். யாழ்ப்பாணத்திலை தென்னைக்குச் சுண்ணாம்பு அடிச்ச கை, இஞ்சை ஆப்பிளுக்கு அடிக்குது. நான் முதல் அடிக்கேக்கை தபால்காரன் நிண்டு பாத்து, "ஏன் மரத்துக்குச் சாறம் கட்டியிருக்கு?" எண்டவன்.

முசலைப் பற்றிச் சொல்லவேணுமோ? நீயே காண்கிறாய், ரோட்டிலை பஸ்சுக்கு நிக்கிற மாதிரி நிக்குதுகள். நீ தண்டுக்கு ஒரு முழ உயரத்திலை கம்பிவலை கட்டிப்போட்டு நிம்மதியா இருந்தாய். ஸ்நோ ரெண்டடி உயர்ந்தது. முசலார் அதுக்கு மேலை ஏறி நிண்டு, உன்ர வலைக்கு மேலாலை, மேசைச் சாப்பாடு மாதிரிப் பட்டையைத் திண்டுபோட்டுப் போனார். ஸ்நோவுக்குக் கீழாலை எலி சுரங்கம் வெட்டி வந்து அடியிலை சுத்திவரக் கறண்டும். சுத்திவரக் கறண்டினால் மரம் முடிஞ்சுது, இலை விட்டுக் காட்டும், ஆனா அது மரண வீட்டுப் பலகாரம். அடியிலை நுண்ணிய கம்பிவலை, மேலை ஸ்நோ ஏறுற உயரத்துக்கு இன்னும் ரெண்டடி கூட. அதோடை தண்டைக் கழுத்துவரை மண்ணுக்குள்ளை தாக்காதை. வேர் விரியிற இடம் வெளியாலை தெரியவேணும். மரக்குப்பையை மலை மாதிரித் தண்டிலை குவிக்காதை, எலிக்கு வீடு கட்டிக் குடுக்கிறாய்.

தேத்தண்ணி வரட்டும், அதுக்குள்ளை உனக்கு ஆக்களைப் பற்றிச் சொல்லுறன். நீ கடை அட்டையை நம்பினாய். இந்த மண்ணுக்கு மரம் தேடின மனிசர் இருந்தவை. ஒட்டாவாவிலை 1886இலை அரசாங்கப் பண்ணை தொடங்க, முதல் பொறுப்பா வந்தவர் வில்லியம் சோண்டர்ஸ். அவர் சைபீரியாக் காட்டு ஆப்பிளை எடுத்தார். பழம் சுண்டங்காய் அளவு, வாயிலை வைச்சால் முகம் கோணும். ஆனா குளிருக்கு அசையாது. அதைப் பெரிய ஆப்பிளோடை கலந்து, சமவெளிக்கு மரம் உண்டாக்கப் பாடுபட்டவர். தெற்கிலை சவுத் டக்கோட்டாவிலை நீல்ஸ் ஹான்சன் எண்டொரு டென்மார்க்காரர். 1897இலை ரஷ்யாவுக்குப் போய் விதை தேடிக் கொண்டந்தவர். அதிலை வந்ததுதான் டொல்கோ, 1917இலை வெளியிலை விட்டவை. சின்னச் சிவத்தப் பழம், நெல்லிக்காயை விடக் கொஞ்சம் நீளம். பூத்தால் மரம் முழுக்க வெள்ளை வேட்டி. டொல்கோவை மனதிலை வைச்சிரு, பிறகு வாறன்.

பூமரம் வேணுமெண்டால் ஃபிராங் ஸ்கின்னர். ஸ்கொட்லாந்திலை இருந்து 1895இலை பெடியனா மனிற்றோபாவுக்கு வந்து, ட்ரொப்மோர் எண்ட ஊரிலை இருந்துகொண்டு, கொரியாவிலை இருந்து வந்த லைலக்கையும் பிரெஞ்சு லைலக்கையும் சேர்த்து, மற்றதுகளுக்கு முந்திப் பூக்கிற லைலக் ஆக்கினவர். உன்ர வாசலிலை வாசம் வீசினதே, அதின்ர சொந்தக்காரர் அவர்தான். நீ அதையும் மொட்டையடிச்சுப்போட்டாய். லைலக்கைப் பூத்து முடிஞ்ச உடனை வெட்டு, வசந்தத்திலை வெட்டினால் பூவைத்தான் வெட்டுறாய். ஆப்பிளை மட்டும் மார்ச்சிலை வெட்டு, நித்திரையிலை.

மேடே மரத்திலை கறுத்தக் கட்டி பிடிச்சிருக்குப் பாத்தனியோ? கொப்பிலை நாய்ப் பீ ஒட்டின மாதிரி. அது பூஞ்சணம். வின்டரிலை கட்டிக்குக் கீழை ஒரு சாண் விட்டு வெட்டி எறி. வெட்டின கொப்பைக் குவிச்சு வைச்சிருக்காதை, என்ர செரிக்கும் வந்திடும்.

செரி எண்டவுடனை ஞாபகம் வருது. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்திலை, 1940களிலை லெஸ் கெர் எண்டவர் தொடங்கி வைச்ச வேலையிலை இருந்து, மொங்கோலியாச் செரியும் புளிச்செரியும் கலந்து ஆளுயரத்திலை நிக்கிற புதர் ஆக்கினவை. 1999இலை ஒண்டு விட்டவை, 2004இலை அஞ்சு விட்டவை. பேர் என்ன தெரியுமோ? ரோமியோ, ஜூலியற், கியூப்பிட், வலன்ரைன், கிறிம்சன் பாஷன். பேர் வைக்க ஆரோ படக்காரனைப் பிடிச்சிருக்கினம். என்ர ஜூலியற் அந்த மூலையிலை நிக்கிறா. உன்ர மாமி அவவைப் பறிச்சு, புளிக்குப் பதிலா மீன் குழம்புக்குப் போடுறா. முதல் நாள் நான் ஒண்டும் சொல்லேல்லை, ரெண்டாம் தரம் சோறு கேட்டனான். உனக்கு ஹஸ்காப் பழப்புதரும் சொல்லுவன், வட ஜப்பானிலை ஐனு சனம் வைச்ச பேர். அதின்ர பூ சைபருக்குக் கீழை ஏழிலும் சிரிச்சுக்கொண்டு நிக்கும். பீச் அந்தக் குளிரிலை கொட்டிப்போயிடும். பந்திக்கு முந்துறது பீச்சின்ர குணம், அதுதான் முதல் அடியும் அதுக்கு.

கறிவேப்பிலையோ? அதைக் கதைக்க வேண்டாம். அதுக்குக் கட்டில் அறையிலை யன்னலோரம், எனக்குப் பேஸ்மென்ற். ஜனவரியிலை இலையெல்லாம் கொட்டினால் மாமி அழுகிறா. தண்ணி விடாதை, சும்மா விடு, ஏப்பிரலிலை வரும் எண்டால் கேக்கிறாவோ? ரெண்டு வேளை தண்ணி, ஒருவேளை கண்ணீர்.

உதெல்லாம் எனக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு நினைக்கிறாய்? புத்தகமோ? நீ இருக்கிற வீட்டுக்காரக் கிழவி. உக்ரேன்காரி. அவவின்ர பேரன்மார் "பாபா" எண்டு கூப்பிட நானும் பாபா எண்டே கூப்பிட்டன். 1890களிலையே இந்த மாகாணத்துக்கு வந்து, மண் வீடு கட்டிக் காடு வெட்டின சனத்தின்ர பேத்தி. அவவின்ர இங்கிலிசு எனக்கு விளங்காது, என்ரது அவவுக்கு விளங்காது. வேலிக்கு அங்காலை நிண்டு கையைக் காட்டுவா. ஓகஸ்டிலை நான் உர மூட்டையைத் தூக்கினால் விரலை ஆட்டுவா. ஒக்ரோபரிலை கைதட்டிக் குழாயைக் காட்டுவா. நான் மேயிலை விக்டோரியா மகாராணியின்ர லீவுக்கு முந்தித் தக்காளி நட்டால் தலையிலை கைவைச்சு ஏதோ சொல்லுவா. அது வசவு எண்டு பேரன் பிறகுதான் சொன்னவன்.

அவவின்ர வளவிலை, உங்கை, உன்ர டெக் இருக்கிற இடத்துக்கு அங்காலை, ஒரு டொல்கோ நிண்டது. பாபா போக, நீ வந்தாய். பழம் விழுந்து டெக்கிலை கறை, காரிலை கறை எண்டு 2024 ஐப்பசியிலை அரியிற மிசினோடை ரெண்டு பேரைக் கூட்டியந்தாய். உன்ர வளவு, உன்ர மரம். நான் ஏதும் சொன்னனானோ? இல்லை. வாசலிலை நிண்டு கையைக் கூடக் காட்டினனான்.

இஞ்சை பார், என்ர குட்லன்ட் ஆப்பிள். மனிற்றோபாவிலை மோடன் பண்ணைக்காரர் 1955இலை விட்ட இனம். வெட்டிப் பாத்தால் பால் நிறம், தேன் மணம். முந்தி வருசம் மூண்டு வாளி. போன வருசம் எத்தினை தெரியுமோ? பதினொண்டு. எண்ணினனான். அதிலை நாலை முசல், இல்லை, பறவை கொத்தினது.

ஆப்பிள் சொந்தத்துக்குள்ளை சம்பந்தம் செய்யாத சாதி, தம்பி. தன்ர பூவின்ர தாதைத் தானே ஏற்காது. வேறை இனத்து மரம் கிட்ட நிக்கவேணும். பாபாவின்ர டொல்கோ பூக்க, தேனீ வேலிக்கு மேலாலை வந்து போகும். இப்ப அடுத்தது எங்கை? மூண்டு தெரு தள்ளி. மேயிலை இந்தக் குளிரிலை தேனீ அவ்வளவு தூரம் மெனக்கெடுமோ? கிட்டச் சாப்பாடு இருக்கிற வீட்டிலை இருந்திடும், நீ இஞ்சை இருக்கிற மாதிரி.

பாரன், முகம் மாறுது! சிரிக்காதை. நான் உன்னைக் குறை சொல்லுறனே? நீ பழம் வேணுமெண்டு வந்தாய், எட்மன்டனிலை நம்பி நடக்கூடியதைத் தானே நான் சொன்னனான். டொல்கோ ஒரு கண்டு முப்பது நாற்பது டொலர்தான், உன்ர பீச்சிலை பாதி விலை. டெக்கிலை இருந்து தள்ளி, என்ர வேலிக்குக் கிட்ட, எட்டடியிலை வை. கறை பிடிக்காது. பழம் விழுந்தாலும் என்ர பக்கம்தான் விழும், நான் பொறுத்துக்கொள்ளுறன். மாமி ஜெலி செய்து உனக்கும் ஒரு போத்தல் தருவா.

குழியோ? குழி வெட்டத் தேவையில்லை. நீ போன கிழமை ஸ்காபரோவுக்குப் பெறாமகளின்ர பிறந்தநாளுக்குப் போனனியெல்லே? அண்டைக்குச் சும்மா இருந்தனான், வெட்டிவிட்டன். உன்ர பக்கத்திலைதான். ஒரு தகரத்தைப் போட்டு மூடியிருக்கிறன், தடுக்கி விழாதை.

பிறகு உந்தப் பீச். உதை நிலத்திலை வைச்சால் ஒரு வின்டர். பெரிய வாளியிலை வைச்சு, ஒக்ரோபர் கடைசியிலை சூடு போடாத கராச்சுக்குள்ளை நித்திரைக்கு விட்டு, மாதம் ஒருக்கா ஒரு கோப்பைத் தண்ணி விட்டால் பிழைக்கும். உன்ர கராச்சிலை ரெண்டு கார் நிக்குது, இடமில்லை. என்ரதிலை கிடக்கு. வாளியும் கிடக்கு, மண்ணும் கலந்து வைச்சிருக்கிறன்.

மாமி வாறா. குடிச்சிட்டு அதை இறக்கி இஞ்சாலை கொண்டா. ஆறுதலா, பூ உதிரப்போகுது.